லயனல் வென்டும் பெயரற்ற முகங்களும்

விழா மலர் ஒன்று கைக்கு வந்ததும் நாம் முதலிற் பார்ப்பது கட்டுரைகளையன்று, படங்களையே. ஆசிரியர் குழு, மாணவ தலைவர்கள், உதைபந்தாட்ட அணி என வரிசையாக வரும் ஒவ்வொரு படத்தின் கீழும் "அமர்ந்திருப்போர், இடமிருந்து வலமாக" என்று தொடங்கும் ஒரு வரி உண்டு. அவ்வரியில் நம் பெயரைத் தேடுகின்றோம். பெயர் கிடைத்த பின்னரே முகத்தைத் தேடுகின்றோம். அன்று காய்ச்சலிற் படுத்திருந்தவனுக்குங் கூட "படத்தில் இல்லாதோர்" என்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். முகத்தோடு பெயரைப் பிணைத்து வைக்கும் அச்சிறு வரியின் அருமையை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவ்வருமையை எனக்கு உணர்த்தியவை இரண்டு. ஒன்று, இலங்கையின் தலைசிறந்த நிழற்படக் கலைஞராகிய லயனல் வென்ட் என்பாரின் வாழ்வு. மற்றொன்று, பசறைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் கிடந்த ஒரு படம். முன்னதை விரித்தும் பின்னதைச் சுருக்கியும் ஈண்டுக் கூற விழைகின்றேன்.

தோற்றமும் கல்வியும்

லயனல் வென்ட் 1900 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி லோரன்ஸ் வென்ட் பறங்கியர் சமூகத்தவர். உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கியவர். நிழற்படக் கலையிலும் நாட்டமுடையவர். தாயார் டி சேரம் குடும்பத்தவர். செல்வமும் கல்வியும் ஒருங்கே அமைந்த இல்லம் அது. ஆயினும் இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயாரும் நெடுங்காலம் உடனிருக்கவில்லை.

1919 இல் இங்கிலாந்து சென்ற வென்ட், இன்னர் டெம்பிளிற் சட்டம் பயின்றார். அதே வேளையில் லண்டன் அரச இசைக் கழகத்திற் பியானோவும் பயின்றார். ஒருவர் ஒரே காலத்தில் நீதிமன்றத்துக்கும் இசையரங்குக்கும் பயிற்சி பெறுவது எளிதன்று. 1924 இல் பாரிஸ்டராய் நாடு திரும்பியவர், சட்டத் தொழிலை நெடுநாள் நடத்தாமல் இசையின் பக்கமே சாய்ந்தார். அதே 1924 ஆம் ஆண்டிலேதான் மலைநாட்டு இருப்புப்பாதை பதுளை வரை வந்து முடிவுற்றது. கொழும்பிலிருந்த கலைஞருக்கும் ஊவா மலைகளிற் கொழுந்து பறித்த நம் முன்னோருக்கும் இடையே இருந்த தொலைவு அந்த ஆண்டில் ஒரு நாட் பயணமாகக் குறுகியது. எனினும் அத்தொலைவு வேறொரு வகையிற் குறையாமலே இருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1929 இல் சிலி நாட்டுத் தூதரகப் பணிக்காகக் கொழும்புக்கு வந்த இளங்கவிஞர் பாப்லோ நெருடா, வென்டோடு நட்புப் பூண்டார். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில், அக்காலத்து இலங்கையின் கலைவாழ்வுக்கு நடுநாயகமாக வென்டையே குறிப்பிட்டுள்ளார். பேரரசின் அதிகாரிகளும் அவர்களைப் பார்த்து நடக்கும் உள்ளூர்ப் பெருமக்களும் நிறைந்த ஒரு நகரத்தில், சொந்த மண்ணின் அழகைத் தேடிய மிகச் சிலருள் வென்ட் ஒருவர் என்பதே நெருடாவின் மதிப்பீட்டின் சாரம்.

கண்ணுக்கு ஒரு கல்வி

1930 களின் தொடக்கத்திலே வென்ட் நிழற்படக் கலையை முழு மனத்தோடு மேற்கொண்டார். அக்காலத்தில் லைக்கா என்னும் ஜெர்மானியக் கருவி புதிதாக வழக்கிற்கு வந்திருந்தது. 1925 முதல் விற்பனையான அக்கருவி, 35 மில்லிமீற்றர் அகலமுள்ள திரைப்படச் சுருளையே பயன்படுத்தியது. 24 க்கு 36 மில்லிமீற்றர் அளவினதாய்ச் சிறு சிறு படங்களை அச்சுருளிற் பதித்தது. முன்னரெல்லாம் நிழற்படம் பிடிப்பவர் முக்காலியையும் கண்ணாடித் தகடுகளையும் கறுப்புத் துணியையும் சுமந்து சென்றார். படம் பிடிக்கப்படுபவரும் மூச்சை அடக்கிக்கொண்டு கற்சிலைபோல் இருக்க வேண்டியிருந்தது. லைக்காவோ சட்டைப்பையில் அடங்கியது. வீதியிற் போகின்றவனைப் போகின்றபடியே, வலை இழுப்பவனை இழுக்கின்றபடியே பிடிக்க முடிந்தது. திரைப்படத்திற்கும் நிழற்படத்திற்கும் ஒரே சுருள் பொதுவாயிற்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. வென்டின் வாழ்விலும் அவ்விரு கலைகளும் பிரிந்து நிற்கவில்லை.

மீனவர், உழவர், கண்டிய நடனக்காரர், கோயிற் சிற்பங்கள், பாழடைந்த பழம்பதிகள், தென்னந்தோப்பில் விழும் வெயில் ஆகியவை அவருடைய பொருள்கள். அவற்றோடு அவர் நின்றுவிடவில்லை. ஐரோப்பாவில் மான் ரே முதலியோர் செய்து வந்த புதிய சோதனைகளைக் கொழும்பிலிருந்தபடியே தாமும் செய்து பார்த்தார். அவற்றுள் மூன்றை மாணவர் பொருட்டு விளக்குதல் தகும்.

முதலாவது, கருவியே இல்லாமற் படம் ஆக்குதல். இருட்டறையில் ஒளியுணர் தாளின்மீது ஓர் இலையையோ சிப்பியையோ வைத்துச் சிறிது நேரம் ஒளி பாய்ச்சினால், ஒளி பட்ட இடம் கறுத்தும் பொருள் மறைத்த இடம் வெளுத்தும் நிற்கும். பொருளின் நிழலே படமாகும். இரண்டாவது, பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து, இயற்கையில் ஒருங்கு காணவியலாத காட்சியொன்றை உண்டாக்குதல். மூன்றாவது, படம் கழுவப்பட்டுக்கொண்டிருக்கும்போதே மீண்டும் ஒரு கணம் வெளிச்சம் காட்டுதல். சாதாரணமாக இது பெரும் பிழை. படம் கெட்டுப் போகும். ஆனால் அளவறிந்து செய்தால், ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்புகளில் மெல்லிய கோடொன்று தோன்றி, உருவம் உலோகத்திற் செதுக்கியதுபோல் விளங்கும். பிழையையே முறையாக்கிய இந்த உத்தியை இலங்கையிற் கையாண்டு வெற்றி கண்டவர் வென்ட்.

இவ்வுத்திகள் வேடிக்கைக்காகச் செய்யப்பட்டவையல்ல. காண்பது எல்லார்க்கும் இயல்பு. உற்றுநோக்குவது பயின்று பெறுவது. பியானோவின் முன் அமர்ந்து ஒரே பண்ணை நூறு முறை வாசித்த கைகள், இருட்டறையில் ஒரே படத்தை நூறு முறை கழுவவும் சலிக்கவில்லை. 1938 இல், லைக்காவைச் செய்த லைற்ஸ் நிறுவனத்தின் ஆதரவில், லண்டன் கமரா கழகத்தில் அவருடைய தனிக் கண்காட்சி நடைபெற்றது. குடியேற்ற நாட்டவர் ஒருவர் தம் நாட்டு மக்களின் உருவங்களை ஆள்வோரின் தலைநகரிற் கலையாகக் கொண்டுபோய் வைத்த நிகழ்ச்சி அது.

திரைப்படத்தில் ஒரு குரல்

வென்டின் பெயரை உலகத் திரைப்பட வரலாற்றிற் பதித்தது "சோங் ஒஃப் சிலோன்" என்னும் ஆவணப்படம்; இலங்கையின் கீதம் என்பது அதன் பொருள். தேயிலை விற்பனையைப் பெருக்கக் கருதிய இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் பொருட்டு அது எடுக்கப்பட்டது. ஜோன் கிரியர்சன் தயாரிக்க, பேசில் ரைட் என்னும் இளைஞர் இயக்கினார். 1934 இன் தொடக்கத்தில் இலங்கையிற் படப்பிடிப்பு நடந்தது. இயக்குநருக்கு நாட்டைக் காட்டிக் கொடுத்தவர் வென்ட்; பின்னர் லண்டன் சென்று படத்துக்குரிய உரையை வாசித்தவரும் அவரே. 1935 இல் பிரசெல்ஸ் நகரத் திரைப்பட விழாவில் அப்படம் பரிசு பெற்றது. இன்றும் ஆவணப்படக் கலையைப் பயில்வோர் தவறாது பார்க்கும் படங்களுள் அதுவும் ஒன்றாகும்.

ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஓடும் அப்படம் நான்கு பகுதிகளையுடையது. "புத்தர்" என்னும் முதற் பகுதியில் அடியார் சிவனொளிபாத மலை ஏறுகின்றனர். "கன்னித் தீவு" என்னும் இரண்டாம் பகுதியில் உழவும் மீன்பிடியும் நடனப் பயிற்சியும் வருகின்றன. "வணிகத்தின் குரல்கள்" என்னும் மூன்றாம் பகுதியிற் புகைவண்டி மலையேறுகின்றது, தேயிலை பறிக்கப்படுகின்றது, கப்பல் புறப்படுகின்றது. "தெய்வத்தின் அணி" என்னும் இறுதிப் பகுதி வழிபாட்டுக்கும் நடனத்துக்கும் திரும்புகின்றது.

வென்ட் வாசித்த உரை எவருடையது? அங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அது ரைட் எழுதியதன்று, வென்ட் எழுதியதுமன்று. 1660 இல் கண்டி அரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளின் பின் 1679 இல் தப்பியோடிய ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. பழைய நூலின் நிதானமான நடையும், ஏற்றத் தாழ்வின்றி ஒலிக்கும் வென்டின் குரலும், சலிக்கும் படங்களும் ஒன்றுசேரும்போது காலமே மெதுவாக நடப்பதுபோலத் தோன்றும். அப்படத்தின் அழகுக்கு அதுவே பெருங் காரணம்.

உரை அறியாத மக்கள்

ஆயின் நொக்ஸ் எழுதியது பதினேழாம் நூற்றாண்டில். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலையை வணிகப் பயிராக நட்டது 1867 இல். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள். தோட்டத்தையும், கடல் கடந்து வந்து காடு வெட்டி மலையைத் தோட்டமாக்கிய தமிழரையும் நொக்ஸ் கனவிலுங் கண்டவரல்லர். ஆதலின், தூண்டுதல் தேயிலையிலிருந்து வந்த ஒரு படத்திலே, தேயிலை பறிக்கும் மக்களைப் பற்றிக் கூற அவ்வுரையிடம் ஒரு சொல்லும் இல்லை. உழவனைக் காட்டும்போது பழைய நூல் பேசுகின்றது. வழிபடுவோனைக் காட்டும்போதும் பேசுகின்றது. கொழுந்துக் கூடையைக் காட்டும் பகுதிக்கு வந்ததும், சந்தை விலையும் கடிதமும் தொலைபேசிப் பேச்சுமே செவியை நிறைக்கின்றன. அப்பகுதிக்குத் தலைப்பே "வணிகத்தின் குரல்கள்" அன்றோ?

இதனால் இயக்குநரைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. அமைதியான மலைக்காட்சியின்மேல் விலைக் கூச்சலை ஏற்றியதன் மூலம் அவர் வணிகத்தை எள்ளினார் என்போரும் உளர். அதன் ஆற்றலைப் போற்றினார் என்போரும் உளர். வென்டும் தமக்குத் தரப்பட்ட உரையையே வாசித்தார். எனினும் நமக்குத் தோன்றும் உண்மை ஒன்றுண்டு. நம்மவரின் கைகள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தன; அக்கைகளுக்குரியவரின் பெயர் லயத்தின் வாசலைத் தாண்டவில்லை.

இஃது அப்படத்தோடு தோன்றிய குறையுமன்று. புகழ்பெற்ற ஆங்கில நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் தம் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கோல்புறூக் கமரன் சீர்திருத்தம் என வரலாற்றிற் படிக்கின்றோமே, அந்தக் கமரனே அவருடைய கணவர். இங்கிலாந்தில் டெனிசன், டார்வின் முதலிய பெரியோரைப் பெயரோடு படம் பிடித்த அவ்வம்மையார், இங்கே களுத்துறையில் எடுத்த படமொன்றுக்கு "களுத்துறை உழவர் குழு" என்று மட்டுமே பெயரிட்டார். படத்தில் நிற்போரின் கண்களிலே தனித்தன்மை ஒளிர்கின்றது. அடியிலோ குழு என்னும் ஒரே சொல். அவ்வம்மையார் 1879 இல் டிக்கோயாத் தோட்டமொன்றிற் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். மலைநாட்டு மண்ணில் உறங்கும் அவருடைய கல்லறையிற் பெயர் உண்டு.

மறைவும் இழப்பும்

வென்ட் தம் இறுதிக் காலத்தில் ஓவியர்க்குத் துணை நின்றார். 1943 ஆகஸ்டில், கொழும்பு கில்ட்போட் கிறெசன்ற் வீதியிலிருந்த அவருடைய இல்லத்தில் ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல முதலியோர் கூடி, "43 குழு" என்னும் ஓவியர் சங்கத்தைத் தொடக்கினர். தம் பெயரை முன்னிறுத்தாது பிறர் கலைக்கு மேடை அமைத்துக் கொடுத்த பெருந்தன்மையை இச்செயலிற் காண்கின்றோம். அடுத்த ஆண்டு டிசம்பர் 19 ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில், அவர் திடீரெனக் காலமானார்.

அவருடைய மறைவின்பின் நிகழ்ந்தது நெஞ்சை வருத்துவது. அவர் எடுத்த படங்களின் மூலச் சுருள்கள் அழிக்கப்பட்டுவிட்டன. ஒரு படத்தின் மூலச்சுருள் இருக்கும் வரை ஆயிரம் படிகள் எடுக்கலாம். அது போய்விட்டால், கையிலுள்ள படியே முதலும் முடிவுமாகின்றது. வென்ட் தாமே அச்சிட்டு நண்பர்க்குக் கொடுத்தவையும் வீட்டில் எஞ்சியவையும் இல்லாதிருந்தால், இன்று அவர் ஒரு பெயராக மட்டுமே நின்றிருப்பார். நண்பர்கள் அவற்றைத் திரட்டி 1950 இல் "லயனல் வென்டின் இலங்கை" என்னும் நூலை லண்டனில் வெளியிட்டனர். அவர் வாழ்ந்த இடத்தில் 1953 இல் லயனல் வென்ட் அரங்கு திறக்கப்பட்டது. 2000 இல் நூற்றாண்டு நினைவு நூல் வந்தது. 2017 இல் ஆம்ஸ்ரடாம் நகர நிழற்பட அருங்காட்சியகமொன்றில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இவ்வளவும் நிகழ்ந்தது, யாரோ சிலர் சில தாள்களை வீசிவிடாமல் எடுத்து வைத்ததனால்.

ஊவாவில் எழுந்த சொல்

இனி நம் மலைக்குத் திரும்புவோம். "சோங் ஒஃப் சிலோன்" எடுக்கப்பட்ட அதே 1934 ஆம் ஆண்டிலே, நம் பதுளை மாவட்டத்து ஊவா கட்டவளைத் தோட்டத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பிற்காலத்திலே தெளிவத்தை ஜோசப் என நாடறிந்த எழுத்தாளரானார். திரைப்படத்தில் நம்மவர்க்கு இல்லாதிருந்த சொல்லை அவர் சிறுகதையிலும் நாவலிலும் வழங்கினார். 1974 இல் வெளிவந்த "காலங்கள் சாவதில்லை" அவருடைய நாவல். மறு ஆண்டு, 1975 இல், வி. பி. கணேசன் நடித்த "புதிய காற்று" என்னும் திரைப்படம் வெளியாயிற்று. மலையகத் தோட்ட மக்களின் வாழ்வைக் கதையாகக் கொண்ட அப்படத்துக்கு எழுதியவர் ஜோசப். கொழுந்துக் கூடையைக் காட்டிய முந்திய படத்திற் சந்தை பேசியது. இப்படத்தில் தோட்டத்து மாந்தர் தம் மொழியிலே தாமே பேசினர்.

கலைத்திறத்தில் இரு படங்களையும் ஒரு தட்டில் வைத்து நிறுப்பது பொருந்தாது. முன்னது உலகப் புகழ் பெற்றது. பின்னது நம் நாட்டு எல்லைக்குள் நின்றது. ஆயினும் நாற்பத்தோராண்டு இடைவெளியில் நிகழ்ந்த மாற்றம் சிறிதன்று. 2022 இல் மறைந்த ஜோசப், வென்டைப்போலச் செல்வ இல்லத்திற் பிறந்தவரல்லர், லண்டனிற் படித்தவருமல்லர். ஆனால் வென்டுக்குரிய குணம் ஒன்று அவரிடமும் இருந்தது. கண்ணெதிரே இருப்பதை, இது கலைக்குரியதா என்று பிறரிடம் கேளாமல் உற்றுநோக்குவதே அக்குணம்.

தகரப் பெட்டியில் ஒரு படம்

தொடக்கத்திற் குறிப்பிட்ட எங்கள் வீட்டுப் படத்தை இப்போது சொல்லலாம். 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே எனக் கணக்கு வகுத்தனர். மீதி 1,50,000 பேரின் கதியை 1974 இல் பாதிபாதியாகப் பகிர்ந்தனர். அக்கணக்கின்படி எங்கள் உறவினர் சிலர் மலையை விட்டுப் புறப்பட்டனர். புறப்படுமுன் எல்லாரும் பசறையிலிருந்து பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் ஒரு நிழற்படசாலையிற் குடும்பப் படம் எடுத்துக்கொண்டனர். பதினான்கு பேர் இருக்கின்றார்கள். அப்பத்தா நாற்காலியில், முன்வரிசையிற் சிறுவர் தரையில், பின்னே வரையப்பட்ட மாளிகைப் படிக்கட்டு. அப்படிக்கட்டில் ஏறியவர் எவருமில்லை.

நான் கருவி பிடித்தவரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தபடி தரையில் அமர்ந்திருக்கின்றேன். படத்தின் பின்புறம் வெறுமையாக இருக்கின்றது. எல்லாரும் உயிரோடிருந்த காலத்திற் பெயர் எழுதுவது வேண்டாத வேலையாகத் தோன்றியது, யாருக்குத்தான் தெரியாது? அப்பத்தா போனார், அப்பா போனார், அத்தையும் போனார். சென்ற ஆண்டு என் மகள் அப்படத்தை எடுத்து வந்து, இடப்பக்கத்தில் இரண்டாவதாக நிற்பவர் யார் என்று கேட்டாள். சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டு, நேரே நம்மைப் பார்த்தபடி நிற்கும் ஓர் இளம் பெண். எனக்குத் தெரியவில்லை. எங்கள் இரத்த உறவினர் ஒருவர், எங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே, "தோட்டத் தொழிலாளப் பெண்" ஆகிவிட்டார்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. கமரன் அம்மையாரையும் ரைட் அவர்களையும் நோக்கிச் சுட்டிய விரல் என்னையும் சுட்டியது. பிறர் நம் பெயரை எழுதாமல் விட்டனர் என்பது உண்மை. நாமும் எழுதவில்லை என்பதும் உண்மை.

நம் கடமை

இன்று எல்லார் கையிலும் கருவி உண்டு. வென்ட் ஓர் ஆண்டில் எடுத்த படங்களை நம் பேரப்பிள்ளைகள் ஒரு விழா நாளில் எடுத்துவிடுகின்றனர். எண்ணிக்கை பெருகியது, ஆனால் தொலைபேசி பழுதடையும் நாளில் அவ்வளவும் மூலச்சுருளோடு போய்விடும். ஆதலின் இவ்விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் அனைவரிடமும் ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றேன்.

உங்கள் வீட்டிலுள்ள பழைய படங்களை வெளியே எடுங்கள். கல்லூரிப் படமாயினும், திருமணப் படமாயினும், கோயில் திருவிழாவாயினும், தோட்டத்துப் படமாயினும் ஆகுக. வீட்டில் மூத்தவர் ஒருவரை அருகிலே இருத்தி, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேளுங்கள். தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும், தெரிந்தால் ஆண்டையும் கேளுங்கள். பெயரைப் பேனாவினால் அழுத்தி எழுதினால் முகத்திலே தழும்பு விழும். ஆதலின் மென்மையான பென்சிலாற் பின்புறத்தில் எழுதுங்கள், அல்லது தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். படத்தின் ஒரு படியை எடுத்துக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். ஓரிடத்தில் அழிந்தாலும் வேறோரிடத்தில் எஞ்சும் என்பதே வென்டின் படங்கள் நமக்குச் சொல்லும் செய்தி.

படிக்கின்ற மாணவர்க்கு ஒரு சொல். உங்களுள் ஒருவர் நாளை நிழற்படக் கலைஞராகலாம், திரைப்படம் எடுக்கலாம். நமுனுகுல மலையில் மேகம் இறங்கும் அழகைப் பிடியுங்கள். அது யாருக்கும் உரியது. ஆனால் அம்மலையிற் கூடையோடு நிற்பவரைப் பிடிக்கும்போது, கருவியைத் தாழ்த்திவிட்டு, "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். விடையைப் படத்தின் கீழே எழுதுங்கள்.

எங்கள் படத்தில் இடப்பக்கம் இரண்டாவதாக நிற்கும் பெண்ணின் பெயரை இன்னமும் தேடுகின்றேன். தமிழ்நாட்டிலுள்ள உறவினர்க்குப் படத்தின் படியை அனுப்பியிருக்கின்றேன். பெயர் கிடைத்ததும் பின்புறத்தில் எழுதுவேன். பென்சில் படத்தோடு தகரப் பெட்டியிலேயே இருக்கின்றது.